புனலில் ஒரு பருக்கை

ஜூன் 3, செவ்வாய்

கரமனை அக்கிரகாரத்தில் வசிக்கும் கல்யாணராமனாகிய நான், வயது அறுபத்தாறு, சித்த ஸ்வாதீனத்துடனும் இரண்டாவது காபிக்குப் பிறகும், இந்த நோட்டின் முதல் பக்கத்தில் சத்தியம் செய்து தருவது என்னவென்றால்: இதில் வரப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பாது. என் மனைவி சுப்புலக்ஷ்மி நிச்சயம் நம்பமாட்டாள். கல்யாணமான மூன்றாம் நாளே என்னை நம்புவதை நிறுத்திக்கொண்டவள் அவள்.

இன்று காலை பத்தரை மணிக்கு அரசாங்கமே என் வாசலுக்கு வந்து, சாஷ்டாங்கமாக விழுந்து, "கல்யாணராமா, இனி மழை உன் பொறுப்பு" என்று கதறியது.

சரி, அரசாங்கம் இல்லை. என் தங்கை பெண் மாளவிகா. விழவும் இல்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் நின்று, தலையில் புனல் வைத்த ஒரு கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குழாயை நீட்டினாள்.

"மாமா, இது மழைமாபினி. எங்க கூட்டாய்மைக்கு கரமனைல ஒரு ஆள் வேணும். தினம் காலம்பற எட்டரைக்கு எவ்வளவு பெய்ஞ்சிருக்குன்னு பாத்து க்ரூப்ல போடணும். அவ்வளவுதான்."

ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கும் நாற்பது ஐம்பது பேரைத்தான் மலையாளத்தில் கூட்டாய்மை என்கிறாள். மலையடிவாரத்திலிருந்து ஆறு கடலில் சேரும் இடம் வரை வீட்டுக்கு வீடு குழாய் நட்டு வைத்திருக்கிறார்களாம்.

"ஆக, க்ளைமேட் சேஞ்சை நான் ஒருத்தன் நிறுத்தணும். அதானே?"

"நிறுத்த வேண்டாம் மாமா. அளந்தா மதி, போதும்."

முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பாளனாக இருந்தவன் நான். என் குரல் கேட்காமல் ஒரு எஞ்சின் நகர்ந்ததில்லை. இனி மேகங்களும் அப்படியே. பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டேன்.

சுப்புலக்ஷ்மி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மழைக்கு உங்க மாமா அளவு எழுதினா, நாளைக்கே ஊர் முங்கிப்போகும்டீ."

ஜூன் 4, புதன்

கிணற்றடி மதில் ஓரம், மரம் மறைக்காத இடமாகப் பார்த்துக் கம்பு நட்டுக் குழாயைக் கட்டினோம். அந்த மதிலில்தான் சுப்புலக்ஷ்மி தினமும் நாங்கள் சாப்பிடும் முன் காக்காய்க்குச் சாதம் வைப்பாள். காக்காய் வந்து புனலின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. எனக்கு மேலதிகாரி வந்தாயிற்று.

மாளவிகா சொல்லிக்கொடுத்த முறை: நின்றுகொண்டு பார்க்கக் கூடாது. கண்ணும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்திருக்கும்; குழியின் அடியைப் படிக்க வேண்டும். குழாய் இருக்கும் உயரத்துக்கு நான் மண்டியிட்டால்தான் கணக்கு சரிவருகிறது.

அறுபத்தாறு வயதில், ஈரமண்ணில், மழையின் முன்னால் மண்டி.

ஜூன் 5, வியாழன்

11.4.

இதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் புள்ளி நாலை நான் என் கண்ணால் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஓட்டின் மேல் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் அது தன் உயரத்தைக் குழாய்க்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டு குழந்தை பள்ளிக்கூடம் போன மாதிரி.

ஜூன் 8, ஞாயிறு

கூட்டாய்மையின் கூட்டம், ஆற்றங்கரையில். தலைவி ஷில்பா, காலேஜில் பூகோளம் எடுக்கிறவள், முப்பது வயதுக்குள். என்னைப் பற்றி மாளவிகா முன்னாலேயே எச்சரித்திருக்க வேண்டும். எல்லோரும் கேட்க என்னிடம் சொன்னாள்: "அங்கிள், ஒரே ஒரு ரூல். கண்டதை எழுதணும். காணலைன்னா, அறியில்லைன்னு எழுதணும். தட்ஸ் ஆல்."

தெரியாது என்று எழுதுவதா! என் வம்சத்தில் ஏழு தலைமுறையாக அந்த வார்த்தை புழக்கத்தில் இல்லை.

பிறகு பாலத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். ஆற்றை ஒட்டிப் பதினொரு வீடு, ஒரே வரிசை. லைன் என்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். ஆறு ஏறினால் முதலில் நனைவது இவர்கள் வாசல்தான். லைனின் பொறுப்பு ஜெபமலருக்கு. காலையில் பழவங்காடியில் பூக்கட்டுகிறாள். மதியத்துக்கு மேல் வீட்டில். புருஷன் பிரஜின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை, வாரம் ஒருமுறை வருகிறான்.

ஏற்பாடு இதுதான். ராத்திரி மழை நூறு மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, எந்த ஒரு மணி நேரத்திலும் அறுபதைத் தொட்டாலோ, நான் ஜெபமலரைக் கூப்பிட வேண்டும். ஜெபமலர் சொன்னால் பதினொரு வீடும் படியேறி மேலே பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

"ஒங்க நம்பரத்தான் நம்பணும் பாத்துக்கிடுங்க சாரே," என்றாள். "ஆறு வந்து சொல்லிட்டு ஏறாதுல்லா."

கடைசி வீட்டில் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கைதட்டிக் கூப்பிட்டார். ஆறுமுகநயினார். பரோட்டா மாஸ்டர். முப்பத்தைந்து வருஷம் அடுப்புக்கல் முன்னால் நின்று இரண்டு காலும் வீங்கிப் போய்விட்டது, நடக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லைனுக்கெல்லாம் கட்டிலில் இருந்தபடியே பரோட்டா வீசுகிறார். "ஒருமட்டம் நான் வீசுன பரோட்டா மேல போயி, ஏரோப்ளேன் எறக்கைல ஒட்டிக்கிட்டு துபாய் போயிட்டு வே!" என்றார்.

சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. எங்கள் கிணற்றுத் தவளை ஆட்டோ ரிக்‌ஷா அளவு என்று நான் சொன்னேன். "மீட்டர் போடுமா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

கிளம்பும்போது ஷில்பா சொன்ன கணக்கு ஒன்று. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். இந்த ஆற்றுக்குத் தண்ணீர் தரும் நிலம் ஏறக்குறைய எழுநூறு சதுர கிலோமீட்டர்.

ஜூன் 9, திங்கள்

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். எழுநூறு சதுர கிலோமீட்டரிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் — என் நகத்தின் கனம் — பெய்தால் எழுபது கோடி லிட்டர்.

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் இதில் கால்வாசி வராது.

ஜூன் 27, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று ராத்திரி முழுக்க ஊற்றியது. ஓடு உடையும் போல. காலை எட்டரைக்குக் குடையோடு போய் மண்டியிட்டேன். 6.

ஆறா? அந்த மழைக்கு ஆறா? குழாயைத் தட்டினேன். ஆறுதான். குழாய் எனக்கே கதை விடுகிறது என்று எனக்குக் கோபம். நான் படுத்துக் கேட்ட மழையை எனக்குத் தெரியாதா? நானே ஒரு நிதானமான, மிகவும் அடக்கமான மதிப்பீடு செய்தேன். 142 என்று க்ரூப்பில் போட்டேன். போட்டதோடு விட்டேனா? ஜெபமலரையும் கூப்பிட்டேன். "நூத்தி நாப்பத்திரெண்டு! இன்னும் அரை மணி பெய்ஞ்சிருந்தா அகஸ்தியர் மலையே நீந்திண்டு வந்து சேந்திருக்கும்!"

அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள். நூறைத் தாண்டினால் ஏற வேண்டும் என்பதுதானே ஏற்பாடு. ஏறினார்கள். பதினொரு வீடும். வேலைக்குக் கிளம்பினவர்கள் திரும்பி வந்து, அடுப்பை அணைத்து, துணிமணி, குக்கர், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு. ஆறுமுகநயினாரை நாற்காலியில் வைத்து இரண்டு பேர் படியில் தூக்கியிருக்கிறார்கள். பாசி. ஒருவன் கால் வழுக்கியிருக்கிறது.

பத்து மணிக்கெல்லாம் வெயில். ஆறு தன்பாட்டுக்கு, அபாயக் கோட்டுக்கு ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தது. அடுத்த தெரு மாபினியில் 47.

ஆறுமுகநயினாருக்கு வலது மணிக்கட்டு முறிவு.

வீசுகிற கை.

ஜூன் 28, சனி

மாளவிகா வந்து குழாயைக் கழற்றினாள். புனலைத் தலைகீழாகப் பிடித்து, துவாரத்தில் ஈர்க்குச்சி விட்டுக் குத்தினாள். வெந்த சாதம், நாலைந்து பருக்கை. அதற்கு மேல் ஒரு வேப்பிலை. காக்காய் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டதில் சிந்தினது. மழை முழுக்கப் புனலிலேயே நிரம்பி வெளியே வழிந்து போயிருக்கிறது.

"அடைச்சிருக்குன்னு பாத்திருந்தா, 'புனல் அடைப்பு, அளவு தெரியாது'ன்னு எழுதியிருக்கலாம் மாமா. நாலு வார்த்தை. ஜெபமலர் சேச்சி அடுத்த தெருக்காரரைக் கேட்டிருப்பா." ஈர்க்குச்சியைத் தூக்கிப் போட்டாள். "டேட்டா கேட்டேன் மாமா. கதை கேக்கலை."

சுப்புலக்ஷ்மி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் ஏதாவது குத்தலாகச் சொல்கிறவள், இன்று "காக்காய்க்கு இனி வாசல்ல வெக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 29, ஞாயிறு

லைனுக்குப் போனேன். கையில் ஆப்பிள், வாயில் மன்னிப்பு. ஆறுமுகநயினார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டுப் போட்ட கை நெஞ்சின் மேல். நான் சொல்லி முடிக்கும் வரை திரும்பவில்லை.

ஜெபமலரிடம்தான் பேசினார், நான் அங்கே இல்லாத மாதிரி. "ஏ பிள்ள. ஆறு இந்தக் கட்டில வந்து தட்டுனாலும் செரி. இனி அய்யரு சொல்லி நான் எறங்குனா என் பேரு ஆறுமுகநயினார் கெடையாது."

"தாத்தா, அப்படி சொல்லாதீய," என்றாள் அவள். என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "கோவத்துல சொல்லல சாரே. அவரு சொன்னா சொன்னதுதான். அதாம் பயமா இருக்கு."

இன்று ஞாயிறு. லைனில் யாரும் பரோட்டா சாப்பிடவில்லை.

ஜூலை 2, புதன்

குழாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஷில்பா வாங்கிக்கொள்ளவில்லை. "நிறுத்தினா கரமனைக்கு ஆளில்லை அங்கிள். எழுதுங்க. ஆனா மூணு மாசம் உங்க நம்பருக்குப் பக்கத்துல நான் ஒரு கொஸ்டின் மார்க் போடுவேன். வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படவில்லை. கல்யாணராமன், கரமனை, 22.6, கேள்விக்குறி. என்னை இவ்வளவு சரியாக யாரும் இதுவரை எழுதியதில்லை.

ஜூலை 9, புதன்

பூனை குழாயைத் தள்ளிவிட்டிருந்தது. பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து எழுதினேன்: தெரியாது.

வானம் இடிந்து விழவில்லை.

ஜூலை 10 – ஆகஸ்ட் 3

18.0? 4.2? 33.8? 0.6? 9.4? ஒவ்வொன்றுக்கும் முன்னால் புனலை எடுத்து ஊதிப் பார்த்தேன். விரல் விட்டுத் துடைத்தேன். தெருவில் யாராவது "என்ன ஓய், மழை எப்படி?" என்று கேட்டால் வாய் ஊறுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நம்பரைச் சொல்கிறேன். உடம்புக்கு ஆகவில்லை. இரண்டு கிலோ இளைத்துவிட்டேன். (சரி, அரை கிலோ. சரி, இளைக்கவில்லை.)

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒன்பதாவது நாளாக மழை இல்லை. கர்க்கடக மாதம், நம் ஆடி, முடியப்போகிறது; இந்த ஊரில் இந்த மாதத்தில் இப்படி ஒரு வெயில்! ஆனால் குழாயில் 0.2.

மழை பெய்யாமல் எப்படி? மூக்கு முட்டும் அளவு குனிந்து பார்த்தேன். பனி. விடியற்காலையில் புனலின் உட்சுவரில் படிந்து, துளித் துளியாகச் சறுக்கி, யாருக்கும் சொல்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது. உலகத்தில் எவனும் கவனிக்காத ஒரு காரியம் நடந்திருக்கிறது. அதற்கு ஒரு சாட்சி உண்டு, அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி உண்டு.

கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. சுப்புலக்ஷ்மி ஜன்னலிலிருந்து, "முட்டி பிடிச்சிண்டுதா? வந்து தூக்கணுமா?" என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாளவிகா லாப்டாப்பைக் கொண்டுவந்து கூட்டாய்மையின் மூன்று வருஷப் பதிவைக் கோடாக வரைந்து காட்டினாள். மொத்த மழை அப்படியொன்றும் குறையவில்லை. மழை பெய்யும் நாள்கள்தான் குறைந்திருக்கின்றன. பத்து நாளில் நிதானமாக வரவேண்டியது ஒரே மதியத்தில் வந்து இறங்குகிறது. நடுவில் ஒன்றுமில்லை, வெயில். கோடு படுத்துக் கிடக்கிறது, திடீரென்று எழுந்து நிற்கிறது, மறுபடி படுக்கிறது.

"கடல் சூடாயிண்டிருக்கு மாமா. சூடானா மேகம் ஜாஸ்தி தண்ணி தூக்கும். தூக்கினதை ஒரே இடத்துல போடும்."

கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது எனக்குத் தெரிந்த கையெழுத்து. மூன்றை முப்பதாக்குவது, முப்பதை முந்நூறாக்குவது — ஆகாசம் என் தொழிலைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. நான் வாயால் செய்ததை அது தண்ணீரால் செய்கிறது.

முதல் முறையாகப் பயமாக இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

கேள்விக்குறி எடுத்தாயிற்று. ஷில்பா ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினாள். அதை சுப்புலக்ஷ்மியிடம் காட்டினேன். "ஒரு வெரலுக்கா இந்தக் கூத்து?" என்றாள். ஆனால் மதியம் பாயசம் இருந்தது.

ஆறுமுகநயினாருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை முழுதும் திரும்பவில்லை என்று ஜெபமலர் சொன்னாள். போனேன். இந்த முறை திரும்பிப் பார்த்தார்.

அக்டோபர் 16, வியாழன். மாலை ஆறு மணி

வரிசையாக எழுதுகிறேன்.

துலாவர்ஷம், மதிய இடிமழை. ஒன்றரைக்கு இருட்டியது. புனலை எடுத்து ஊதினேன், சுத்தம். குழாயைக் கவிழ்த்துக் காலி செய்தேன். 1.40க்கு முதல் துளி.

துளியா அது! — வேண்டாம். நிதானமாக.

2.00க்கு 14. சுப்புலக்ஷ்மி குடையோடு ஓடிவந்து எனக்கும் குழாய்க்கும் சேர்த்துப் பிடித்தாள். "குழாய்க்கு மேல பிடிக்காதேடீ!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படிக் கத்தினதில்லை. குடையை மடக்கிப் போட்டுவிட்டு அவளும் நனைந்துகொண்டு நின்றாள்.

2.20க்கு 37. தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தியமாக. குழாய்க்குள் அந்தக் குழிந்த மேற்பரப்பு மேலே வந்துகொண்டே இருந்தது, கிணற்றிலிருந்து யாரோ வாளியை இழுக்கிற மாதிரி. சுற்றிலும் ஒன்றும் தெரியவில்லை. மதில் இல்லை, தெரு இல்லை, எதிர்வீடு இல்லை. வெள்ளையாக ஒரு சத்தம் மட்டும். அதன் நடுவில் நான் மண்டியிட்டு, விரல் தடிமன் குழாயில் அதன் கணக்கைப் பார்த்துக்கொண்டு. இவ்வளவு பெரியது இவ்வளவு சின்னதற்குள் இப்படி ஒழுங்காக வந்து உட்காருமா? வாயடைத்துப் போனேன். எனக்கு! வாய்!

2.40. மறுபடி குனிந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி. சுப்புலக்ஷ்மியையும் மண்டியிடச் சொன்னேன். அவள் படித்தாள்: "அறுபத்து நாலு."

கரண்ட் இல்லை, நெட் இல்லை. போனில் மணி மட்டும் அடித்தது. ஜெபமலர் எடுத்தாள். பின்னால் தகரத்தில் மழை. எனக்கு வாய் வரை வந்தது — யானை, மலை, கடல், எல்லாம். ஒன்றும் வெளியே வரவில்லை. என் ஸ்டேஷன் குரல்தான் வந்தது. வண்டி எண் சொல்லுகிற குரல்.

"அறுபத்து நாலு. ஒரு மணி நேரத்துல."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் குரல், தூரத்திலிருந்து: "யாரு, அய்யரா? ஸ்பீக்கர்ல போடு பிள்ள." அப்புறம் பக்கத்தில், "என்ன அய்யரே! இன்னைக்கு எத்தன யானை பெஞ்சிருக்கு?"

"அறுபத்து நாலு மில்லிமீட்டர். புனல் சுத்தம். மழைக்கு முன்னாடியே பாத்தேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. போன் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை.

அவர் கட்டிலை விட்டு இறங்கினாரா?

நாலே முக்காலுக்கு மழை விட்டது. மொத்தம் 131. ஆற்றுப் பக்கம் போக முடியவில்லை, தெருமுனையிலேயே இடுப்பளவு. அங்கே நின்று பார்த்தேன். ஆறு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பழுப்பாக, அகலமாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டில் மிதந்து போயிற்று. மரக் கட்டில். காலியாக.

காலியாகத்தான் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். யாருடைய கட்டில் — தெரியாது. அவர் எங்கே — தெரியாது.

தெரியாது. தெரியாது. தெரியாது.

அக்டோபர் 17, வெள்ளி

8.30க்கு, நேற்றைய 131 போக, 2.4. எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தண்ணீர் இறங்கியிருந்தது. பள்ளிக்கூட வாசலிலேயே ஜெபமலர் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள வாங்க சாரே. எல்லாரும் இருக்கோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

ஆறாம் வகுப்பு ஆ பிரிவு. இரண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டு, அதன் மேல் ஆறுமுகநயினார், ராஜா மாதிரி. லைனில் அத்தனை வீட்டிலும் தண்ணீர் ஜன்னலைத் தாண்டியதாம். அவர் வீட்டில் கட்டில் இருந்த இடத்தில் ஆள் உயரம். நாலரைக்கு உள்ளே வந்திருக்கிறது. இவர்கள் படியேறி முடித்தது மூன்றரைக்கு. இந்த முறை இரண்டு பேர் இல்லை, ஆறு பேர் தூக்கியிருக்கிறார்கள். பாசிப் படியில் முன்கூட்டியே சாக்கு விரித்து.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் சொன்னா எறங்கமாட்டேன்னு சொன்னீரே?"

"ஆமா. சொன்னேன்."

"பின்னே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அய்யரே, நானும் கத விடுதவன்தாம். ஒமக்குத் தெரியும். நான் கேட்டேன்லா, எத்தன யானைன்னு? நீரு ஒரு யானை சொல்லியிருந்தாக்கூட அங்கனேயே படுத்திருப்பேன். ஒரு பூனை சொல்லியிருந்தாக்கூட. 'வேற ஒண்ணும் இல்ல'ன்னீரு பாரும்! இந்த மனுசனுக்கே சொல்லதுக்கு ஒண்ணும் இல்லன்னா, அங்க என்னமோ பெருசா வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஏ பிள்ள, தூக்குங்கலேன்னு நான்தாம் கத்துனேன்."

"அவருதாம் சாரே மொதல்ல கத்துனாரு," என்றாள் ஜெபமலர். "நாங்க முழிச்சிக்கிட்டு நின்னோம்."

எனக்குப் பேச வரவில்லை. இரண்டு நாளில் இரண்டாவது முறை. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அவர் வலது கையை நீட்டினார். அது பாதிதான் திரும்புகிறது. பிடித்துக்கொண்டேன். "கட்டில் போயிட்டு அய்யரே," என்றார். "பாத்தீரா?"

"பாத்தேன்."

"எங்க வர போயிருக்கும்?"

என் நாக்கு கொஞ்சம் அசைந்தது. "நான் பாக்கறப்போ விழிஞ்ஞம் தாண்டிடுத்து. கப்பல்காரா வழி விட்டு ஹாரன் அடிச்சா."

"பின்ன? யாரு கட்டிலு!" என்றார்.

அக்டோபர் 30, வியாழன்

லைனில் சேறு வாரி முடிந்தது. கூட்டாய்மை முழுக்க வந்திருந்தது. ஷில்பா முழங்கால் வரை மண். இரண்டு குடும்பம் மேலே வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. மற்ற ஒன்பதுக்கும் போக இடமில்லை. ஆறும் அங்கேயேதான் இருக்கிறது. மாளவிகா இன்னொரு குழாய் கொண்டுவந்தாள். லைனுக்கே ஒன்று, ஜெபமலர் பொறுப்பில். மண்டியிட்டுப் படிக்க நான் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாளே என்னைவிடச் சுத்தமாகப் படித்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. தினம் 8.35க்கு ஆறுமுகநயினார் போன். "அய்யரே, மொதல்ல நம்பரு. அப்புறம் கத." ஷில்பா அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறாள், ஒரே நிபந்தனையோடு: இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும். விடுகிறேன். இன்றைய நம்பர் 3.2. மூச்சு. இன்றைய கதை, காக்காய் கோபித்துக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் விட்டது. வாசலில் வைத்த சாதத்தை அது இன்னும் தொடவில்லை என்பதிலிருந்து வளர்த்தது. பதிலுக்கு அவர் சொன்னதை இங்கே எழுத இடம் போதாது. இன்று மதியம் லைனில் பரோட்டா. இடது கையால் வீசப் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் ஆறு கிழிந்து போயிற்றாம், ஏழாவது வட்டம். எங்களையும் கூப்பிட்டிருக்கிறார். சுப்புலக்ஷ்மி, "நேக்கு குருமா வேண்டாம், பரோட்டாவும் சக்கரையும் மதி" என்று காலையிலிருந்தே தயார்.

கிளம்பும் முன் இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன், யாரும் நம்பமாட்டார்கள். நம்பவும் வேண்டாம். அரசாங்கம் என் காலில் விழவில்லை. தவளை ஆட்டோ அளவு இல்லை. கட்டில் விழிஞ்ஞம் போய்ச் சேரவில்லை. அடுத்த வளைவில் மூங்கிலில் சிக்கிக் கிடந்தது, காலொடிந்து. என் குரல் கேட்காமல் ஏராளமான எஞ்சின்கள் நகர்ந்தன. இரண்டு கிலோ, அரை கிலோ, வக்கீல் நோட்டீஸ், எல்லாம் தள்ளுபடி.

அக்டோபர் 16, மதியம் 2.40. அறுபத்து நாலு. அது நிஜம்.

வேறு ஒன்றும் இல்லை.